குக்கர் அளவுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, என் கேமிங் கம்ப்யூட்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வந்ததை நாலு வரி எழுதியிருந்தேன். லேப்டாப் இல்லை, கிராபிக்ஸ் கார்டோடு கூடிய முழு டெஸ்க்டாப். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றையும் முந்திவிட்டன. அதனால் இந்த முறை பகுதி முழுக்க இது ஒன்றுதான். பிரிண்டரில் பேப்பர் சிக்குவதைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை, கல்லூரி விடுதி மாணவர்: மாதம் ஒருமுறை பஸ்ஸில் தேனிக்குப் போவேன். கூடவே எடுத்துப்போகிற மாதிரி ஒரு கேமிங் பிசி கட்ட ஆசை. எந்த கேபினட் வாங்கலாம்? விலைப்பட்டியலும் தருவீர்களா?

தம்பி, கேபினட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், பையிலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். அழகான சின்ன கேபினட் ஒன்றைப் படத்தில் பார்த்து வாங்கிவிட்டு, அதற்குள் எது நுழையும் எது நுழையாது என்று ஆறு மாதம் அளந்துகொண்டிருப்பார்கள். நீங்கள் தோளில் மாட்டப்போகும் பை எது, பஸ்ஸில் அது மடியிலா, மேல் பலகையிலா, டிக்கியிலா, இதை முதலில் முடிவு செய்யுங்கள். மடியில் என்றால் 10, 11 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. டிக்கியில் என்றால், மன்னிக்கவும், எந்த அளவிலும் நான் போடமாட்டேன்.

லிட்டரா என்று யோசிக்க வேண்டாம். இந்தச் சின்னப் பெட்டிகளை லிட்டரில்தான் சொல்வார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். வழக்கமான டவர் கேபினட் 40 லிட்டரைத் தாண்டும், அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. கூலர் மாஸ்டர் என்ஆர்200 என்பது 18 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு கேனை விடச் சற்றுச் சின்னது. லியான் லி ஏ4-ஹெச்2ஓ 11 லிட்டர். ஃபிராக்டல் டெரா 10.4 லிட்டர். டான் ஏ4 ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், நம் வீட்டுப் பெரிய குக்கர் அளவு. ஒப்பிட வேண்டுமென்றால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சுமார் 6.9 லிட்டர், முதலில் வந்த பிளேஸ்டேஷன் 5 பத்தரை லிட்டர். ஆக, 10 லிட்டரில் கட்டினால் பிளேஸ்டேஷன் அளவில் ஒரு பிசி. பஸ் பயணத்துக்கு அது போதும்.

பையை முடிவு செய்தபின் கிராபிக்ஸ் கார்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், 5060 என்றால் 145, 5060 டிஐ 180, 5070 போனால் 250. வாட் ஏற ஏற கார்டு நீளும், தடிக்கும், சூடும் ஏறும். விடுதியில் 1080 (ஃபுல் ஹெச்டி) திரையில் விளையாடுகிறவருக்கு இரண்டு ஃபேன் உள்ள சின்னக் கார்டே தாராளம். மூன்று ஃபேன் கார்டுகள் பல 30 செ.மீ.யைத் தாண்டும், அதைப் பார்த்தவுடன் ஆசைப்பட்டு வாங்கிப்போடாதீர்கள். என்விடியா 2024-ல் சின்னக் கேபினட்டுக்கென்றே ஒரு அளவு வகுத்தது: நீளம் 304 மி.மீ., வயரின் வளைவையும் சேர்த்து உயரம் 151 மி.மீ., தடிமன் 50 மி.மீ. அதற்குள் இருக்கும் கார்டுகளின் பெட்டியில் எஸ்எஃப்எஃப் ரெடி என்று போட்டிருப்பார்கள். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த "வயரின் வளைவையும் சேர்த்து" என்பது முக்கியம். கார்டு நுழைந்துவிடும், மேலே பவர் வயரைச் செருகியபின் பக்கத் தகடு மூடாது, அழுத்தி மூடுவீர்கள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது பவர் இணைப்பு முழுசாக உள்ளே போகாமல் உருகிய கதைகள் உலகம் முழுக்கக் கேட்டோமே, அந்த வகை இணைப்பை அழுத்தி வளைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

கார்டு முடிவானபின்தான் கேபினட். மற்றதெல்லாம் அதுவாக விழும். மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ், 17 செ.மீ.க்கு 17 செ.மீ., ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு இடம், பெரும்பாலும் இரண்டே ரேம் இடம். அதனால் ரேமை முதலிலேயே இரண்டாக வாங்கிவிடுங்கள், 16 ஜிபி இரண்டு. "இப்போது ஒன்று, பிறகு இன்னொன்று" என்பது நல்ல திட்டம் இல்லை, பிறகு வாங்குவது பழையதோடு ஒத்துப்போகும் என்று நிச்சயம் இல்லை. பளபளவென்று விளக்கெரியும் ரேம் உயரமானது, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரை இடிக்கும், உயரம் குறைந்ததாகப் பாருங்கள். பிராசஸருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 7600 தாராளம். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வழக்கமான ஏடிஎக்ஸ் இல்லை, எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை: 12.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், 6.35 செ.மீ. உயரம். 4060-ம் 7600-ம் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினாலும் 250 வாட் சுற்றித்தான் இழுக்கும். 450 வாட் போதும், பிறகு கார்டு மாற்றும் எண்ணம் இருந்தால் 650. ஒன்று சொல்லிவிடுகிறேன், சின்னதாக இருப்பதால் விலை குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதே வாட்டுக்கு எஸ்எஃப்எக்ஸ் விலை அதிகம், அதே வசதிக்கு ஐடிஎக்ஸ் போர்டு விலை அதிகம். விலைப்பட்டியல் கேட்டிருந்தீர்கள். ரேம் விலை 2025 கடைசியில் ஏறின ஏற்றத்தைப் பார்த்தபின், அச்சாகிற பத்திரிகையில் விலை எழுதும் தைரியம் எனக்குப் போய்விட்டது.

சென்னை வேளச்சேரி வாசகர்: இவ்வளவு பாடு எதற்கு, ஒரு கேமிங் லேப்டாப் வாங்கிவிட்டுப் போகலாமே?

போகலாம். வாரத்துக்கு இரண்டு முறை தூக்கிப்போகிறவர், ரயிலில் உட்கார்ந்தே விளையாட நினைக்கிறவர், வகுப்புக்கும் அதையே கொண்டுபோகிறவர், இவர்களுக்கு லேப்டாப்தான் சரி. டெஸ்க்டாப்பில் பேட்டரி கிடையாது, நடுவழியில் திறந்துவைத்து விளையாட முடியாது. நான் சொல்வது இரண்டு ஊரில் இரண்டு மேஜை வைத்திருக்கிறவர்களுக்கு. மாதம் ஒன்றிரண்டு முறை இடம் மாறும், போன இடத்தில் பத்து நாள் இருக்கும், அப்படிப்பட்டவர்களுக்கு.

லேப்டாப்பில் ஒரு பெயர் மயக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். லேப்டாப் 4090 என்று எழுதியிருப்பதும் மேஜைக் கம்ப்யூட்டரின் 4090-ம் ஒரே சிப் இல்லை. லேப்டாப்பில் இருப்பது டெஸ்க்டாப் 4080-ல் இருக்கும் சிப், அதற்குக் கிடைப்பது அதிகபட்சம் 175 வாட். டெஸ்க்டாப் 4090 தின்பது 450 வாட். இது ஒன்று. இன்னொன்று, நாலு வருடம் கழித்து லேப்டாப்பில் கார்டை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. எடையிலும் வித்தியாசம் நினைக்கிற அளவுக்கு இல்லை, பெரிய கேமிங் லேப்டாப்பின் அடாப்டரே கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும், செங்கல் மாதிரி.

மதுரை வாசகர்: சித்திரையில் எங்கள் மாடி அறையில் 40 டிகிரி. இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அடைத்தால் வெந்துவிடாதா?

நியாயமான பயம். வெளிநாட்டு விமர்சனங்களில் கார்டு 68 டிகிரி, பிராசஸர் 75 டிகிரி என்று போட்டிருப்பதெல்லாம் 20, 22 டிகிரி அறையில் அளந்தது. அறை 40 என்றால் அந்தக் கணக்கோடு கிட்டத்தட்ட 18, 20 டிகிரியை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். காற்றால் குளிர்விக்கும் எதுவும் அறைக் காற்றை விடக் குளிர்ச்சியாக முடியாது, அவ்வளவுதான் விஷயம். 75 உள்ளது 95 ஆகும், ரைசன் 7000 வரிசையின் எல்லையே 95. 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு 89. எல்லையைத் தொட்டால் எரிந்துபோகாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி கத்தும்.

இதற்கு வைத்தியம் பெரிய கூலர் இல்லை, சாப்பாட்டை, அதாவது தின்னும் கரண்டை, குறைப்பது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கும். 65 வாட் என்று விற்கும் 7600 உண்மையில் 88 வாட் வரை போக அனுமதி உள்ளது, ஈகோ மோடில் 45 வாட் வகைக்கு மாற்றினால் 61 வாட்டில் நின்றுவிடும். விளையாட்டில் வித்தியாசம் தெரியவே தெரியாது, ஏனென்றால் விளையாடும்போது முக்கால்வாசி வேலை கார்டுக்குத்தான். அப்புறம் கார்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட் என்ற கோட்டை 100-லிருந்து 75, 80-க்கு இழுங்கள். 5070-ல் அப்படிச் செய்தால் 50 வாட்டுக்கு மேல் மிச்சம், வேகம் குறைவது சில சதவீதம்தான். கம்பெனிக்காரர்கள் கடைசி ஐந்து சதவீத வேகத்துக்காகக் கரண்டைக் கொட்டி விற்கிறார்கள், அதை நாம் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். பொறுமை இருந்தால் வோல்டேஜையும் குறைக்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். ஒரே மூச்சில் குறைத்துவிட்டு நடு ஆட்டத்தில் தொங்கினால் என்னைத் திட்டாதீர்கள்.

கேபினட் வகைக்கும் இதில் பங்கு உண்டு. டான் ஏ4, டெரா போன்றவற்றில் நடுவே ஒரு சுவர், ஒரு பக்கம் மதர்போர்டு, அதன் முதுகுக்குப் பின்னால் கார்டு. சாண்ட்விச் அமைப்பு என்பார்கள். கார்டின் ஃபேன்கள் பக்கத் தகட்டின் ஓட்டை வழியாக நேராக வெளிக்காற்றை இழுப்பதால், ஆச்சரியமாக, பெரிய டவரில் இருப்பதை விடக் கார்டு ஒன்றும் மோசமாக இருக்காது. இடம் இல்லாமல் தவிப்பது பிராசஸர்தான். டான் ஏ4-ல் 48 மி.மீ. உயரத்துக்கு மேல் கூலர் வைக்க முடியாது. நாக்டுவாவின் எல்9ஏ வகை 37 மி.மீ., தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 பெயரிலேயே இருப்பதுபோல் 47. அதனால்தான் ஈகோ மோட் என்று கரடியாகக் கத்துகிறேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைக்காதீர்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். மதுரைத் தூசிக்கு மாதம் ஒரு தடவை பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுங்கள்.

சேலம் வாசகர்: எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கார்டு போச்சா?

அவசரப்படாதீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது, ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன், கார்டைக் கடையில் திருப்பிக்கொடுக்கப் பெட்டியில் போட்டுக் கட்டக்கூடச் செய்துவிட்டேன்.

முதலில் ஒரு கேள்வி: எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகள் முதல் தடவை உயிர்பெறும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கருப்புதான். பதட்டத்தில் நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் வரவில்லையா? சாண்ட்விச் கேபினட் என்றால் சந்தேகம் ரைசர் கேபிள் மேல். கார்டையும் போர்டையும் இணைக்கும் பட்டையான வயர். பழைய ரைசர்கள் ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை வேகத்துக்குச் செய்தவை, கார்டும் போர்டும் ஜென் 4, ஜென் 5. இரண்டும் தங்களுக்குள் பெரிய வேகத்தில் பேச முயலும், நடுவில் இருக்கும் வயருக்கு அது தாங்காது, திரை கருப்பு. என் கதையில் நடந்தது இதுதான், பழைய கேபினட்டிலிருந்து உருவின ரைசரைப் புதுசில் போட்டிருந்தேன். செய்ய வேண்டியது: திரை வயரைக் கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் போடுங்கள். நான் மேலே சொன்ன 7600 என்றால் அதற்கு உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, படம் வரும். அப்படியும் வராவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பயாஸுக்குள் போய், கார்டு இணைப்பான பிசிஐஇயின் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 3-க்கு மாற்றுங்கள், சேமியுங்கள், பழையபடி கார்டில் மாட்டுங்கள். அதோடு சரியாகிவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விடலாம், ஆனால் 4060, 5060 போன்ற கார்டுகள் பாதி அகலப் பாதையையே பயன்படுத்துவதால் ஜென் 3-ல் கொஞ்சம் இழக்கும், ஜென் 4 ரைசர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள்.

7500எஃப் மாதிரிப் பெயரில் எஃப் உள்ள பிராசஸரில் உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று அதை வாங்கினவர்கள் இந்த மாதிரி ராத்திரியில் பக்கத்து வீட்டுக் கார்டைத் தேடி ஓட வேண்டியதுதான். சின்னக் கேபினட் கட்டுகிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: பழைய டவரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டை இதில் போடலாமா?

போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் 24.4 செ.மீ. சதுரம், ஐடிஎக்ஸ் கேபினட்டில் நுழையாது. ரேம், எஸ்எஸ்டி, பிராசஸர் புது போர்டுக்குப் பொருந்துமானால் எடுத்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் முடியாது. இன்னொன்றையும் கேட்காமலே சொல்கிறேன்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய வயர்களைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே போடாதீர்கள். போர்டுப் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி, எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கம்பிகளை வரிசைப்படுத்தியிருக்கும். செருகினால் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும்.

ஈரோடு வாசகர்: ஸ்டீம் டெக் வாங்கினால் போதாதா?

கையில் பிடித்து விளையாடும் அந்தக் கருவியா? வலாரண்ட் என்ற ஆன்லைன் ஆட்டம் விளையாடுவீர்களா? அப்படியானால் போதாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸ் இல்லாமல் வேலை செய்யாது, ஸ்டீம் டெக் ஓடுவது லினக்ஸில். தனியாக விளையாடும் கதை ஆட்டங்கள்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், ரயில் பயணத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் அதிகாரபூர்வ விற்பனை இந்தியாவில் தொடங்கியதா என்று வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வாங்கினால் வாரண்டிக்கு நீங்களே பொறுப்பு.

புதுச்சேரி வாசகர்: கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் இன்னும் சின்னதாகக் கட்ட முடியுமா?

முடியும், நானே என் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுத்தேன். பிராசஸர் ரைசன் 7 8700ஜி அல்லது ரைசன் 5 8600ஜி. இவற்றின் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் வழக்கமான பிராசஸரில் இருப்பதுபோல் படம் காட்ட மட்டும் இல்லை, 1080-ல் வலாரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 நன்றாக ஓடும், பெரிய ஆட்டங்களைக் காட்சித் தரத்தைக் குறைத்துவைத்து ஓட்டலாம். அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்600 என்று ஒரு பெட்டி வருகிறது, 15.5 செ.மீ. சதுரம், 8 செ.மீ. உயரம், இரண்டு லிட்டர்கூட இல்லை. லேப்டாப் மாதிரி வெளியே 120 வாட் அடாப்டர். பிராசஸர், லேப்டாப் வகை டிடிஆர்5 ரேம், எஸ்எஸ்டி, கூலர் மட்டும் நாம் வாங்கிப் போட வேண்டும். ரேம் கட்டாயம் இரண்டாக இருக்கட்டும். இங்கே கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, சாதாரண ரேமையே எடுத்துக்கொள்ளும், ஒற்றை ரேம் போட்டால் பாதை பாதியாகி ஆட்டம் நொண்டும். பிறகு கார்டு போடலாமா என்று கேட்காதீர்கள், இடமே இல்லை. ஆசை வளரும் என்று தெரிந்தால் முதலிலேயே 10 லிட்டருக்குப் போங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: விமானத்தில் மதுரைக்குக் கொண்டுவர முடியுமா? அங்கே பிளக், கரண்ட் ஒத்துப்போகுமா?

முடியும். கைப்பையில் கொண்டுவருவதுதான் நல்லது. நிறைய விமானங்களில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோதான் கைப்பை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் வெளியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள், சில நேரம் என்ன இது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். உள்ளே பேட்டரி என்று இருப்பது போர்டில் உள்ள காசு மாதிரி சின்ன செல் மட்டும், அது பிரச்சினை இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்புவதாக இருந்தால் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள், கண்ணாடித் தகடு உள்ள கேபினட்டை அனுப்பவே வேண்டாம். தண்ணீரில் குளிர்விக்கும் கூலரும் பயணத்துக்கு வேண்டாம் என்பது என் கட்சி. சுங்கத்தில் ஒன்று கவனியுங்கள்: தீர்வையில்லாச் சலுகை லேப்டாப்புக்குத் தனியாக உண்டு, டெஸ்க்டாப் பொதுக் கணக்கில்தான் சேரும். பழைய பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இரண்டு இடத்திலும் 230 வோல்ட்தான், சதுர முள் பிளக்குக்கு நம்மூர் வயர் ஒன்று வாங்கினால் முடிந்தது. டொரொண்டோவிலிருந்தும் இதே கேள்வி வந்திருக்கிறது, அங்கே 120 வோல்ட். இப்போது வரும் நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாம் 100 முதல் 240 வரை தானே சமாளிக்கும், லேபிளில் எழுதியிருக்கும். பின்னால் சிவப்பாக 115, 230 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. 115-ல் விட்டு நம்மூர் பிளக்கில் போட்டால் பட்டென்று ஒரு சத்தம், அதோடு சரி.

நாகர்கோவில் வாசகர்: திரைக்கு என்ன செய்வது? அதையும் தூக்கிப்போவதா?

போகிற வீட்டில் டிவி இருந்தால் ஹெச்டிஎம்ஐ வயர் போதும், டிவியில் கேம் மோட் என்பதை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மௌஸ் இழுத்துக் கொஞ்சம் தாமதமாகத்தான் திரையில் நகரும். தனியாக வேண்டுமென்றால் 15.6 அங்குலக் கையடக்கத் திரை, ஒரு கிலோவுக்குள் வரும். விளம்பரத்தில் ஒரே டைப்-சி வயரில் படமும் கரண்டும் என்று காட்டுவார்கள், அது லேப்டாப்புக்கு. ஆர்டிஎக்ஸ் 30, 40 கார்டுகளில் டைப்-சி கிடையாது. மினி ஹெச்டிஎம்ஐ வயர் ஒன்று, கரண்டுக்குத் தனி வயர் ஒன்று, ஆக இரண்டு. அந்த மினி ஹெச்டிஎம்ஐ வயரை ஊரில் மறந்துவிட்டு வந்து, திருநெல்வேலி டவுன் முழுக்க அலைந்திருக்கிறேன்.

திருச்சி வாசகர்: கேபினட்டைத் தொட்டால் கை சுர்ரென்று இழுக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த பிசி ரீஸ்டார்ட் ஆகிறது. கோளாறா?

சுர்ரென்பது பெரும்பாலும் எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் தகட்டுக்கு வரும், எர்த் இருந்தால் பூமிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு. அலுமினியக் கேபினட்டில் நன்றாகவே தெரியும். விடுதிகளிலும் பழைய வீடுகளிலும் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டி எறிகிற வேலை மட்டும் வேண்டாம்.

ரீஸ்டார்ட் ஆவது, மாறும் நேரம் அதிகமாக இருப்பதால். கரண்ட் நின்றபின் எஸ்எம்பிஎஸ் நல்ல வேலையில் இருக்கும்போது 12 முதல் 17 மில்லி நொடிதான் மூச்சுப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் பின்னால் யூபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள், வேகமாக மாறும். புதிதாக வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் வகை. சதுர அலை வகைகளோடு இன்றைய எஸ்எம்பிஎஸ் சில ஒத்துப்போகாது.

சென்னை அம்பத்தூர் வாசகர்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்குமா? செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

ரேம், எஸ்எஸ்டி, பிராசஸர், கார்டு கிடைக்கும், பேரமும் பேசலாம். ஐடிஎக்ஸ் போர்டும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றிரண்டு கடையில் இருக்கும், இருப்பதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். "அதுக்கு இதுவே போதும் சார்" என்றால் நகர்ந்துவிடுங்கள். கேபினட் பெரும்பாலும் ஆர்டர் செய்துதான் வாங்க வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் அங்கேயே மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வேண்டாம்.

கரூரிலிருந்து ஒரு அம்மா: ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறான் மகன். விளையாட்டுக்கா இவ்வளவு?

அம்மா, அவ்வளவு தேவையில்லை. அவன் போட்ட பட்டியலை வாங்கி எனக்கு அனுப்புங்கள். முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டுக்கு 5070-க்கு மேல் எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள், பட்டியலில் எஸ்எம்பிஎஸ், கூலர், கேபினட் எல்லாம் சேர்ந்து தானாக இறங்கும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மலிவாகப் போகச் சொல்லாதீர்கள். அவனே கையால் கட்டட்டும், கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அலைவது இந்தக் காலத்துப் பையன்கள் கிறுக்கா?

இல்லை ஐயா, பழைய கிறுக்கு. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 பதினொரு கிலோ, ஐந்து அங்குலத் திரை, தையல் மிஷின் பெட்டி மாதிரி கைப்பிடி வைத்து விற்றார்கள். அடுத்து வந்த காம்பேக் போர்ட்டபிள் அதைவிடக் கனம். மினி ஐடிஎக்ஸ் அளவைத் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்தது 2001-ல், ஷட்டில் கம்பெனி சின்னச் சதுரப் பெட்டிகளை விற்க ஆரம்பித்ததும் அதே சமயம்தான். அதற்கப்புறம்தான் வேடிக்கை: பெரிய கம்பெனிகள் செய்து தராததால் பயன்படுத்துகிறவர்களே வரைந்து, ஊர்கூடிப் பணம் போட்டுச் செய்துகொண்டார்கள். 2013-ல் என்கேஸ் எம்1, 2016-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேனியல் ஹான்சன் வரைந்த டான் ஏ4. இரண்டையும் தகடு வெட்டிச் செய்துகொடுத்தது தைவானின் லியான் லி. இப்போது அந்த லியான் லியே தன் பெயரில் சின்னக் கேபினட் விற்கிறது.

திண்டுக்கல் வாசகர்: உங்கள் பை மொத்தம் எத்தனை கிலோ? உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். கேபினட் உள்ளிருப்பதோடு 5.8. கையடக்கத் திரை உறையோடு 1.1. கீபோர்டு 700 கிராம், ஹெட்போன், மௌஸ், வயர்கள் சேர்ந்து இன்னொரு 900. ஆக எட்டரை கிலோ, விமானத்துக்கு இது ஆகாது, ரயிலுக்குச் சரி. இது போகும்போது. திரும்பும்போது அம்மா திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே முறுக்கு டப்பாவையும் நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலையும் செருகிவிடுவார். பாட்டில் மூடியைச் சுற்றி நான் ஒட்டும் டேப், ரைசர் கேபிளுக்கு எடுத்த கவனத்தை விட அதிகம்.